ஒரு லீட்டர் தூரம்

சாய்ந்தமருது
12.03.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், வீடு சுகம், முற்றத்தில் நிற்கிற வாகனங்களும் சுகம். நீங்கள் விசாரிக்கும்போது இதே ஒழுங்கில்தான் விசாரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் நீங்கள் "ஓம், ஓம்" என்கிறீர்கள். பின்னால் மற்ற டிரைவர்மார் சிரிப்பதும் சட்டி கழுவுவதும் கேட்கிறது. அத்தனை பேர் காது நீட்டிக்கொண்டிருக்கும் அறைக்குள் ஒரு பெண்சாதி எதைக் கதைப்பது? கறிக்கு என்ன என்று கேட்கிறீர்கள், மீன் என்கிறேன், முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீங்கள் தனியாக இருந்துதான் படிக்க வேண்டும்.

நம் வாகனக் கடைக் கதைக்கு வருகிறேன். வியாபாரம் படுத்த படுக்கைதான். முன்பு நம் கேற்றடியில் குடை விரித்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் குளிர்பானமும் வாகனக் கடன் படிவமும் கொடுத்த லீசிங் பையன்களை ஞாபகம் இருக்கிறதா? ஒருவரையும் காணோம். வட்டி ஏறிய ஏற்றத்தில் லீசிங் என்ற சொல்லைக் கேட்டாலே சனம் செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பிவிடுகிறது. கையில் காசு வைத்திருப்பவர்களோ விலை இன்னும் விழும் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள் போகும்போது முற்றம் கொள்ளாமல் நின்ற வாகனங்களில் இப்போது நான்குதான் மிச்சம். பெரிய கார்கள் எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயின. உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொல்லித்தானே கொடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் காலைத் தேநீரோடு வெளியே வந்து நான்கையும் ஸ்டார்ட் பண்ணிவிடுகிறேன், பேட்டரி செத்துவிடக் கூடாது என்று. கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்துகிறேன். அந்தச் சத்தம் இருக்கும்வரை வீட்டில் ஆட்கள் இருக்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, வேறு என்ன சத்தம் வரப் போகிறது?

இப்போது வாங்க வருகிறவர்களுக்கு நிறம் வேண்டாம், வருஷம் வேண்டாம். கேற்றைத் தாண்டியதும் முதல் கேள்வி லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதுதான். கிழமைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் அளந்து கொடுக்கிற பெற்றோலில் வேலைக்கும் போக வேண்டும், கலியாண வீட்டுக்கும் போக வேண்டும், பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்? நாம் சொல்வதையும் நம்புவதில்லை, மீற்றர் காட்டுவதையும் நம்புவதில்லை. அதனால் ஊரில் போத்தல் ஓட்டம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறது. டாங்கியில் இருப்பதைக் கடைசிச் சொட்டுவரை இறக்கிவிட்டு, தண்ணீர்ப் போத்தலால் ஒரு லீட்டர் அளந்து ஊற்றி, அக்கரைப்பற்று வீதியால் தெற்கே ஓட்டிப் போக வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த வாகனத்தின் ஊர். இது நிந்தவூர் வாகனம், அது பாலமுனை வாகனம் என்றுதான் இப்போது பேச்சு. அக்கரைப்பற்று வாகனம் என்றால் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி, கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பம்ப் பழுதாகிவிடும் என்று நீங்கள் கத்துவது எனக்குக் கேட்கிறது. இங்கே வந்து கத்துங்கள்.

ஓட்டத்துக்கு நம் பக்கத்தில் ஒருவர் கூடப் போக வேண்டும். நான்தான் போகிறேன். அந்நிய ஆண்களோடு தனியே போகவில்லை, பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு லைலா ராத்தாவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அடுத்த ஊரான காரைதீவு வருமுன்னே அவர் உறங்கிவிடுகிறார். இருந்தாலும் துணை துணைதான்.

உங்கள் செல்ல ஜீப்பையும் ஒருவர் ஓடிப் பார்த்தார். காரைதீவுச் சந்தியைத் தாண்டவில்லை. அவர் இறங்கி, அந்த வழியால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதை ஏலத்தில் எடுத்து வந்த அன்று, இது வாசலில் நிற்பதே கடைக்கு ஒரு எடுப்பு என்று சொன்னீர்களே, அந்த எடுப்பு இன்னும் நிற்கிறது.

போன கிழமை நீங்கள் போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. கடைசி வாகனமும் போனதும் கேற்றைப் பூட்டி, காணியை யாருக்காவது வாடகைக்குக் கொடு, நான் இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு சைன் பண்ணுகிறேன் என்றீர்கள். உலகக் கிண்ணத்துக்கு பஸ் ஓட்ட என்றுதான் தோஹா போனீர்கள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊர் போய்ச் சேர்ந்து எத்தனை மாதம்? நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அங்கே?

நோன்பு வருகிறது. வெயிலில் பஸ் ஓட்டுகிறீர்கள், சஹருக்கு வெறும் தேநீரோடு நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள்
றுமானா

---

சாய்ந்தமருது
07.05.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். மெலிந்துவிட்டீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம், காதோரத்து எலும்பு தெரிகிறது.

பெருநாள் அன்று மருதமுனையில் உங்கள் உம்மா வீட்டுக்குப் போய் மாமிக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அங்கே கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, பெயர் எழுத மாட்டேன், "மாப்புள வந்தா நேரே உங்கட ஊட்டுக்கா வருவாரு, இல்லாட்டி உம்மாட ஊட்டுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். மற்ற ஊர்களில் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். நம் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் என் பெயரில், கடைக் காணியும் என் பெயரில், சீதனமாக வந்தவை. எல்லாம் என்னுடையது, அசையாமல் என்னோடு இருக்கிறது. வந்து சேர்ந்தவர் ஒருவர்தான், அவர்தான் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா?

இப்போது நீங்கள் சந்தோஷப்படும் செய்தி. மற்ற இரண்டு காரும் நோன்புக்குள்ளேயே போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குட்டி வெள்ளைக் காரும் போய்விட்டது. கல்முனைப் பள்ளிக்கூடத்து சில்வெஸ்டர் சேரும் அவருடைய பெண்சாதி கிருபாமலரும் எடுத்தார்கள். மெதடிஸ்த சபைக் குடும்பம், நல்ல மனிதர்கள். அந்த அக்காவுக்கு அக்கரைப்பற்றில் வேலை. பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்கிப்போனதாம், அதனால் வட்டிக் கடன் ஒன்றும் இல்லாமல், சேர்த்துவைத்த காசோடு வந்தார்கள்.

அவர்களும் போத்தல் ஓட்டம்தான் கேட்டார்கள். சேர் ஓட்ட, கிருபாமலர் அக்கா முன்னால் இருந்து பஸ் கண்டக்டர் மாதிரி ஊர் ஊராகக் கூவிக்கொண்டு வந்தார். லைலா ராத்தா வழக்கம்போல உறங்கிவிட்டார். நிந்தவூர் போனது. பாலமுனை போனது. அட்டாளைச்சேனையும் வந்தது. இந்தக் காரும் விலைப்பட்டால் முற்றத்தில் ஜீப் மட்டும்தான். பிறகு நீங்கள் சொன்ன மூன்று வருஷம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, யா அல்லாஹ், இது இங்கேயே நிற்கட்டும் என்று துஆக் கேட்டேன். விற்க உட்கார்ந்தவள் கேட்கிற துஆவா இது? கேட்டேன், மச்சான். அட்டாளைச்சேனைப் பாலம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கார் கேட்கவில்லை. அக்கரைப்பற்று பஸாரின் நெரிசலுக்குள்ளும் நுழைந்து வெளியேறி, தம்பிலுவில் பக்கத்து வயல்வெளியில் போய்த்தான் நின்றது. இதுவரை எந்த வாகனமும் அங்கே போனதில்லை. அந்த அக்கா றோட்டில் இறங்கிக் கை தட்டினார். வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் வந்த நான், நீங்களும் துஆக் கேட்டயளோ?" என்றார். ஓம் என்றேன். என்ன துஆ என்று அவர் கேட்கவில்லை, நல்ல காலம்.

அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கார் கேற்றைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் திரும்பியபோது அழுதேன். ஒரு காருக்காக அழுகிறாள் என்று லைலா ராத்தா நினைத்துக்கொண்டு எனக்கு இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்தார்.

இனி ஜீப் ஒன்றுதான். எண்ணெய்க்கு இந்தப் பாடுபடுகிற காலத்தில் காரைதீவைத் தாண்டாத ஜீப்பை வாங்குகிற பைத்தியம் இந்தக் கரையில் யாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். அது நிற்கும்வரை கடை கடைதான், கேற்றைப் பூட்ட முடியாது. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கியவர் வந்து விற்கட்டும். அதன் வாயும் வயிறும் உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள்
றுமானா

---

சாய்ந்தமருது
18.06.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை தபாலில் போடவில்லை. லீவு முடிந்து தோஹா திரும்புகிற றாஸிக் காக்காவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பிக்கொண்டிருக்க நேரமில்லை.

போன கடிதத்துக்கு நீங்கள் போனில் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த விலைக்காவது ஜீப்பைத் தள்ளிவிடு, இந்த மாத முடிவுக்குள் நான் சைன் பண்ண வேண்டும் என்றீர்கள். தள்ளிவிடு என்கிற சொல் எவ்வளவு லேசாக வருகிறது உங்களுக்கு.

சரி, கேளுங்கள். ஜீப்புக்கு ஆள் வந்துவிட்டது.

கோமாரியில் கரைவலை வைத்திருக்கிற ஜெப்றி என்ற தம்பி. கேற்றுக்குள் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், நான்கு சில்லும் இழுக்குமா என்று மட்டும் கேட்டார். லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இது காரைதீவையும் தாண்டாது தம்பி, நன்றாக யோசியுங்கள் என்று நானே சொன்னேன். அவர் சிரித்தார். "இது ஓடுறதுக்கில்ல அக்கா, வலை இழுக்கத்தான். மணலுக்குள்ள நிண்டு இழுத்தாக் காணும்" என்றார். இவர் கடற்கரையை விட்டு ஓடவே போவதில்லை. ஊரெல்லாம் லீட்டர் கணக்குப் பார்க்கும்போது, கணக்குப் பார்க்கத் தேவையில்லாத ஒரே மனிதர் தேடிப் பிடித்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

நல்ல விலை சொன்னார். கையில் காசோடு வந்திருந்தார். சாவி என் கையில்தான் இருந்தது. நீங்கள் இங்கே நின்றிருந்தால் பேச்சை முடித்து, தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். எனக்குக் கை நீளவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். என்ட மாப்பிள்ளை ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறார், அவர் கையால்தான் சாவி தருவார் என்று. அந்தத் தம்பி நல்ல பிள்ளை. "அதுவும் நல்லதுதான் அக்கா, அவரோடயும் ஒருக்காக் கதைக்கலாம்" என்று சொல்லி, பெருநாள் கழிந்த திங்கட்கிழமை வருவதாகப் போனார்.

அது அவருக்கும் எனக்கும் உள்ள பேச்சாக இருந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் லைலா ராத்தா விழித்திருந்தார். காரில் ஏறினால்தானே அவருக்கு உறக்கம் வருகிறது. அஸர்த் தொழுகைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. இப்போது சாமான் வாங்கப் போனாலும், மையத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனாலும், "எப்பகா வாறாரு? எந்த பிளைட்டுல வாறாரு?" என்றுதான் கேட்கிறார்கள். மாமி மருதமுனையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று அழுதார். அழுத கையோடு உங்களுக்குப் உடுக்கப் புதுச் சாரம் ஒன்றும் தலையணை உறை இரண்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனுஷியிடம் நான் என்னவென்று சொல்வது? ஓம் மாமி, வாறார் என்றேன்.

இன்று காலை, கடிதம் எழுதி முடிந்ததா என்று பார்க்க வந்த றாஸிக் காக்கா ஒன்று கேட்டார். "வாறவருக்கு என்னத்துக்கு தங்கச்சி கடிதம்?" நான் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். அவர் குடித்துவிட்டு, எழுதி முடியுங்கள், பின்னேரம் வந்து எடுக்கிறேன் என்று சட்டைப் பையை இரண்டு தரம் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். விளங்கிவிட்டது அவருக்கு.

மச்சான், பொய் சொன்னது பாவம்தான், தௌபாச் செய்தேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை. நேற்று அறையைக் கூட்டி, நீங்கள் படுக்கிற பக்கத்து மெத்தையை வெயிலில் போட்டேன். யாருக்குக் காட்டவென்று அதைச் செய்தேன்? ஒருவரும் பார்க்கவில்லை. எனக்காகத்தான் செய்தேன்.

ஜீப் போகட்டும். முற்றம் வெறுமையாகட்டும். சின்னதாக ஓடுகிற வாகனங்களை மட்டும் வைத்து மறுபடி தொடங்கலாம். அதுவும் முடியாவிட்டால் நீங்கள் இங்கேயே யாருக்காவது பஸ் ஓட்டலாம், கல்முனையிலும் பஸ் இருக்கிறது. குறைவாகச் சாப்பிட எனக்குத் தெரியும். தனியாகச் சாப்பிடத்தான் இனிமேலும் என்னால் முடியாது. இதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, எழுதிவிட்டேன்.

அந்தக் கடதாசியில் சைன் வைக்காதீர்கள். திங்கட்கிழமை அந்தத் தம்பி கேற்றடியில் வந்து கூப்பிடும்போது நான் தனியாகப் போய்த் திறக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகவும் பத்திரமாகவும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். டிக்கெட்டைப் போடுங்கள்.

உங்கள்
றுமானா