கழித்தல் நான்கு

என் செல்விக்கு,

மினிபஸ் ஓட்டுகிறவனுக்குப் பரீட்சை எதற்கு என்று ஊரே சிரித்தபோது, புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டவள் நீ. அரசுப் பேருந்து வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எனக்கு அறிவியல் ஒன்றுதான் பாக்கி. "எழுதுங்க மாமா, நான் இருக்கேன்ல" என்றாய்.

திசைவேகத்துக்கு நாம் போட்ட சண்டை இருக்கிறதே! "வடமதுரை போயிட்டு திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்துட்டீங்க. அப்ப சராசரி திசைவேகம் சுழி" என்றாய்.

"அடியே, இடுப்பொடிய வண்டி ஓட்டுனவனுக்குச் சுழியா?"

"ஓட்டுன தூரமெல்லாம் வேகத்துல சேரும் மாமா. திசைவேகத்துக்கு எங்க கெளம்புனீங்க, எங்க வந்து நிக்கிறீங்க, அம்புட்டுதான்."

கோபத்தில் வெஞ்சனம் தொடாமல் வெறுஞ்சோற்றைத் தின்றேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த பாடம் முடுக்கம். அதை ஆரம்பிப்பதற்குள் காய்ச்சலென்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒருத்தி போவாளா? உன்மேல் வந்த அந்தக் கோபத்தில்தான் மீதியைப் படித்தேன்.

வேகம் கூடினால்தானே முடுக்கம், பிரேக் போட்டால் எப்படி வரும் என்று ரொம்ப நாள் முழித்தேன். ஒருநாள் எரியோடு ஸ்டாப்பில் வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். நிறுத்தும்போது அதே ஆட்கள் முன்னால் சாய்ந்தார்கள். அட, வேகம் கூடினாலும் குறைந்தாலும் முடுக்கம்தான்! குறைந்தால் கழித்தல் குறி, அவ்வளவுதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஏப்பா டிரைவரு, ரோட்டப் பாத்து ஓட்டு! கண்ணாடியில என்னத்தப் பாத்துச் சிரிக்கிற?" என்று பூமூட்டையோடு நின்ற அக்கா சத்தம் போட்டார்.

பரீட்சையில் அதுவே வந்தது. வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வரும் பேருந்து, பிரேக் போட்டதும் ஐந்து வினாடியில் நிற்கிறது. சுழியிலிருந்து இருபதைக் கழித்து, ஐந்தால் வகுத்தேன். கழித்தல் நான்கு. குறியை அழுத்தியே போட்டேன்.

நேற்று கண்டக்டர் தம்பி போனில் பார்த்துவிட்டு, "அண்ணே, பாஸுண்ணே!" என்று கத்தினான். டிரிப் முடிந்ததும் உன்னிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. செத்த நேரம் சாவியை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.

புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. சொன்னால் சிரித்தே மானத்தை வாங்கியிருப்பாய். ஆனாலும் சொல்கிறேன், நன்றி செல்வி. மனசு நிறைந்து சொல்கிறேன்.

அரசு வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, பிளஸ் டூவும் எழுதுவேன். சத்தியம். ரிசல்ட் வந்ததும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

உன் மாமன்,
கருப்பையா