பாட்டில் அமுங்கிப்போன பிரேக் சத்தம்

என் அன்பான என்னங்க,

அங்கேயாவது நிம்மதியாகத் தூங்குகிறீர்களா?

உங்கள் கருமாதி முடியும்வரை காரை யாரும் தொடவில்லை. மழையில் அப்படியே நின்றது. நேற்றுதான் பிள்ளையைப் பள்ளியில் விட எடுத்தேன். பிரேக்கை மிதித்ததும் கீச்சென்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டு அக்கா, "அவருக்கு வண்டிய விட்டுப் போக மனசில்லடி, வித்துப்புடு" என்றார்.

நான் பயப்படவில்லை. ஈரத்தில் நின்ற வண்டி துருவால் கொஞ்ச நேரம் கத்தும் என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்? ஓசூர் கம்பெனியில், சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடு சோதித்த மனுஷன். டொக்கென்றால் கிளிப் கழன்றிருக்கும், கல் மாட்டினாலும் கத்தும், கரகரவென்றால் மட்டும் வண்டியை எடுக்கவே கூடாது என்று தெருவுக்கே வைத்தியம் சொன்னவர்.

இன்று காலை நம் வண்டி கரகரவென்றது. அதை ஓட்டாமல் இழுவை வண்டியில் ஏற்றி, உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது! பேடே இல்லியே, இரும்பும் இரும்பும் உரசுது. நேத்து இன்னிக்குத் தேஞ்சது இல்ல இது. பல மாசமா கத்தியிருக்கும்."

நீங்கள் ஓட்ட, இந்த வண்டியிலா பிள்ளையோடு கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வந்தோம்? ஏன் எனக்கு எதுவுமே கேட்கவில்லை?

உங்கள் தம்பி சாதாரணமாகச் சொல்கிறான்: "அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. அதான் பாட்ட சத்தமா வச்சுக்குவாரு. லீவு கெடச்சா மாத்திக்கலாம்னு சொல்லிட்டே இருந்தாரு."

அடப்பாவி மனுஷா! ஊரார் வண்டிக்கெல்லாம் காது கொடுத்தீர்களே, சொந்த வண்டிக்கு ஏன் கொடுக்கவில்லை? நெஞ்சு கரிக்குது என்று சோடா குடித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தீர்களே, அதற்கும் லீவு கிடைக்கட்டும் என்றுதான் காத்திருந்தீர்களா? அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வருகிறது.

புது பேடும் டிஸ்க்கும் போட்டாயிற்று. வண்டியை விற்கப்போவதில்லை. திரும்பி வரும்போது உங்கள் தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்ல அண்ணி, கேஸ் டிரபிள்தான். அடுத்த வாரம் லீவு போட்டுக் காட்டிக்கிறேன்" என்றான்.

வண்டியை அங்கேயே திருப்பிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே அவனுக்கு இ.சி.ஜி. எடுக்கிறார்கள். இவனை விடமாட்டேங்க, சத்தியமாக விடமாட்டேன்.

தீராத கோபத்தோடு,
உங்கள் வீட்டுக்காரி