சின்னவளை உன்னிடம் அனுப்புகிறோம்

என் பெரிய மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வந்த கை பாதியில் நின்றுவிட்டது, அதனால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள். அப்பா திடீரென்று எழுத்தாளராகிவிட்டாரா என்று சிரிக்காதே, இது ஃபோனில் பேசக் கூடாத விஷயம், அதனால்தான் உன் தங்கச்சி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவளுக்கு ஐந்தாவது மாதம் என்பது உனக்குத் தெரியும். குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லையாம், பிறந்தாலும் தங்காதாம். இவளுக்கோ இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இதையெல்லாம் ஸ்கேன் அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அடுத்த மாசம் வாங்க என்று அனுப்பிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது நான்தானே, மறுநாள் நான் பட்டனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது அவரே உள்ளே ஏறி, ரெண்டு மாடிக்கு நடுவுல கொஞ்சம் நிறுத்துங்கய்யா என்றார். குழந்தையின் நிலைமையை அங்கேதான் சொன்னார். ஓடுகிற லிஃப்டை நிறுத்தச் சொல்லி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான், மற்றவர்கள் நின்றதை ஓட்டத்தான் கூப்பிடுவார்கள். உங்க பொண்ணு சாகக் கிடந்தாத்தான் இந்த நாட்டுச் சட்டப்படி நான் கருவைக் கலைக்கலாம், அதுக்கு முன்னாடி தொட்டா எனக்கும் ஜெயில், உங்களுக்கும் ஜெயில், அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, வெளிநாட்டுக்கு அனுப்பிடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை மேல்மாடியில் இறக்கிவிட்டுக் கீழே வந்தால் மேனேஜர் நிற்கிறார், உள்ள படுத்துத் தூங்கிட்டியாய்யா என்று ஒரே சத்தம். ஆமாம் சார், கொஞ்சம் கண் அசந்துட்டேன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் மூஞ்சிக்கு அதை யாரும் நம்பாமல் இருப்பார்களா.

மாப்பிள்ளைக்கு விசா கிடைக்கவில்லை. எங்களுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. யாராவது கேட்டால் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, அதில் பொய் இல்லை. அம்மா பெட்டியை அடுக்குகிறாள், பிரிக்கிறாள், மறுபடி அடுக்குகிறாள். பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாத இடத்தில் சட்டம் எங்களை உட்கார வைத்துவிட்டது. உனக்குப் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்தே நாலு வருடம் ஆகிவிட்டது, இப்போது இவளும் அங்கே. வீட்டில் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறோம், என் முகத்தை எவ்வளவு நேரம்தான் அவள் பார்ப்பாள்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வை. இவள் பிள்ளை வேண்டாம் என்று வருகிறவள் இல்லை. பெயர்கூட வைத்துவிட்டாள். அவளாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேள், சொல்லாவிட்டால் கேட்காதே. அழுதால் அழ விடு. மாத்திரை காலையிலும் இரவிலும், மறந்துவிடுவாள், நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஃபோனில், இவ நல்லா சாப்பிட்டாப்பா என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன்.

நீங்கள் இருவரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன்னை வா வா என்று நச்சரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், இருந்தாலும் கேட்கிறேன். போகும்போது சின்னவள் பிள்ளையோடு போகிறாள். திரும்பும்போதுதான் தனியாக வருவாள். நீயும் கூட வாயேன், கண்ணு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா