சட்டி காலி

செல்ல மகளுக்கு,

நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளில் உள்ளபடிதான் இன்றும் வாலுவுக்குச் சமைத்தேன். எலும்பு நீக்கிய கோழி, துருவிய கேரட், குழைந்த சோறு. வெங்காயம் கிடையாது, உப்பும் கிடையாது. "நாய்க்குச் சமைக்கிற ஆளா நான்?" என்று உன்னிடம் எகிறியவன், இப்போது ஈரல் பிஸ்கட்டைக்கூடக் கருகாமல் சுடுகிறேன்.

தினமும் போனில், "வாலு சாப்பிட்டானாப்பா?" என்று கேட்டாய். "சட்டி காலிம்மா" என்றேன். அது பொய்யில்லை.

நேற்றோடு உன் பரீட்சை முடிந்துவிட்டது. இனி எனக்குச் சாக்கு இல்லை.

பத்து நாளைக்கு முன்பு, காலையில் கரண்டியால் சட்டியைத் தட்டினேன். அவன் எழுந்து வரவில்லை. "வயசாயிடுச்சு சார், தூக்கத்துலயே போயிருக்கான்" என்றார் டாக்டர். உன் பழைய சட்டையில் சுற்றித் தோட்டத்தில் புதைத்தேன்.

மறுநாளும் கை பாட்டுக்குக் கோழியை வேகவைத்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை. அன்றிலிருந்து சட்டியைக் காலி செய்வது நான்தான்.

திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டும்மா. உனக்கு உப்புப் போட்டே சமைக்கிறேன்.

சட்டியும் கையுமாக,
உன் அப்பா