சரக்குக்கு மட்டும்

எதிர்வீட்டுக்காரர் இன்று காலை தன் இரும்பு கேட்டுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்த புருஷன்மேல் கோபப்படக் கூடாதென்கிறார் நம் கோயில் ஃபாதர். அவருக்கென்ன, அவர் அன்றைக்குச் சோழவரத்துக்கு வரவில்லை.

ஹார்பரில் கிரேன் வேலை உனக்கு. அங்கே தேய்ந்த கொக்கியைத் தூக்கிப் போடமாட்டார்கள் என்று கல்யாணமான புதிதில் சொன்னாய். சிவப்பாக ஒரு கோடு பூசிவிடுவார்களாம். அந்தக் கொக்கியில் மூட்டை தூக்கலாம், மரம் தூக்கலாம். ஆளை மட்டும் தூக்கக் கூடாது. கப்பலின் பக்கவாட்டில் ஆளைத் தொங்கவிடுவதென்றால் சிவப்பில்லாத கொக்கியாகத் தேடி எடுப்பார்கள். நல்ல வழக்கம்தான் என்று நானும் தலையாட்டினேன்.

அப்போது உனக்கு ரேஸ் பைத்தியம். தோஸ்துகளோடு சேர்ந்து ஒரு பழைய காரைப் பிடித்து, ராயபுரத்துச் சந்தில் போட்டுக் குடைந்துகொண்டிருந்தாய். சோழவரத்துப் பழைய விமானதளத்தில் நடக்கும் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து சக்கரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்டியரிங் பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் விழப்போகும் பல் மாதிரி ஆடியது. அதே மாடல்தான் எங்கள் நைனாவின் டாக்சியும், அதிலும் அதே ஆட்டம். பார்ட்ஸ் கிடைக்காத காலம். யானைக்கவுனி, புதுப்பேட்டை என்று அலைந்து ஒன்றே ஒன்று கொண்டுவந்தாய். உன் வண்டிக்குப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். போட்டாச்சு என்றாய், என் முகத்தைப் பார்த்தே.

பந்தயத்தன்று நானும் கைக்குழந்தையும் நைனாவின் டாக்சியில்தான் வந்தோம். நீ கடைசி வண்டிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தாய். ஏதோ கப்பலையே ஜெயித்துவிட்ட மாதிரி சிரிப்பு வேறு. நானும் சிரித்துக்கொண்டே குழந்தையோடு ஓடிவந்தேன். உன் தோஸ்து ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பால் ஜாயிண்ட்டில் சிவப்புக் கோடு.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையை உன் தோஸ்திடம் கொடுத்துவிட்டுத் தரையிலேயே குந்திவிட்டேன்.

"புச்சா வாங்கியாந்தது எங்கய்யா?"

"உங்க நைனா வண்டியில கீது. நேத்து நான்தான் மாட்னேன். நீயும் புள்ளையும் குந்திகினு வர்ற வண்டிமே அது."

"அப்ப நீ?"

"ரேஸு வண்டியில சரக்குதானே ஏறுது" என்று சிரித்தாய்.

யோவ், மறந்துபோய் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தேய்ந்தது என்று தெரிந்து, பிரஷ்ஷை எடுத்து, கோடு போட்டு, அதன்பின் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். ரேஸுக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது மட்டும் உன் வாயில் வரவில்லை. அன்று வீடு வரும்வரை டாக்சி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உன் சக்கரம்தான் ஆடிக்கொண்டிருந்தது எனக்கு.

நீ ரேஸில் சாகவில்லை. எல்லோரையும் போல வயதாகி, இருமி, கட்டிலில்தான் போனாய். ஆனாலும் எனக்கு அந்தப் பயம் தெளியவில்லை. இன்றைக்கும் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறேன். டிரைவர்கள் கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

ஒன்று உனக்குத் தெரியாது. கல்லறையில் உன் பெட்டியை இறக்கக் கொண்டுவந்த கயிறு நைந்து பிசிறடித்திருந்தது. ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். நான் நடுவில் புகுந்து, "இதுல ஆள எறக்கக் கூடாது, புச்சு வாங்கியாங்க" என்றேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். நம் மகன் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் கடைக்கு ஓடினான்.

அவன் கயிறோடு வரும்வரை பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ சரக்கு இல்லை என்று உனக்குச் சொல்ல எனக்கு அன்றைக்குத்தான் முடிந்தது.