சாப்பாட்டு வரிசை

மதுரை

அன்புள்ள அம்மாவுக்கு, முகேஷ் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடத்துக்காக, விடுதி மெஸ்ஸில் வரிசை ஏன் நீள்கிறது என்று ஆராய்ந்தேன். குழம்பையும் பொரியலையும் நாங்களே போட்டுக்கொண்டால் பரிமாற ஒரு ஆள் போதும் என்று எழுதினேன். வகுப்பில் எனக்குத்தான் முதல் மார்க். பேராசிரியர் அதை மெஸ் காண்ட்ராக்டரிடம் கொடுத்தார்; அவர் படித்துவிட்டு, பரிமாறும் இருவரில் தங்கப்பொண்ணு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான்.

காண்ட்ராக்டரிடம் கெஞ்சினேன். "நீ எழுதுனதத்தானே தம்பி செஞ்சேன்" என்றார். பிறகு அக்கா வீட்டுக்கே போய், எழுதியது நான்தான் என்றேன்.

"எம் பேர எழுதுனியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ஒரு ஆளுன்னுதான் எழுதுனேன்."

"சரிப்பா" என்று உள்ளே போய்விட்டார்.

இப்போது மெஸ்ஸில் வரிசையே இல்லை. என்னால்தான் அங்கே கால் வைக்க முடியவில்லை. மேலூரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடு. வெளியே ஏதோ சாப்பிட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. முதல் மார்க் வாங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லாதே அம்மா.

உன் மகன்,
முகேஷ்