ஐஸ் பெட்டிக்குள் களி

மாப்ள,

இன்று வில்லாபுரத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து கேழ்வரகு வேகும் வாசனை வந்தது. ஸ்பேனரும் கையுமாகச் சிரித்துவிட்டேன். மெஷின் சரியாகிவிட்டது என்று நினைத்து அந்த அம்மா டம்ளரை நீட்டினார். நீ செத்து எட்டு மாதமாகியும் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய்.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் யோசனை உன்னுடையது. அரசாங்கக் கடை வரிசையில் அடிபட்டு, வெதுவெதுப்பான பாட்டிலை வாங்கி, சாக்கடை ஓரத்தில் நின்று குடிப்பது மனுசன் செய்கிற காரியமா என்று கேட்டாய். நியாயமான கேள்வி.

"குத்தமாச்சேடா" என்றேன்.

"காய்ச்சுறதுதான் மாப்ள குத்தம். பெட்டி செய்யிறது குத்தமில்ல. மொதல்ல பெட்டியச் செய்வோம்."

தல்லாகுளத்து ஜூனியர் வக்கீல் மூளை.

முளைகட்டிய தானியத்தையும் வெந்நீரையும் ஒரு மணி நேரம் சூடு ஆறாமல் வைத்திருந்து, இனிப்புச் சாற்றை அடியில் குழாய் வழியாக வடிக்கிற பெட்டி அது. மீன் வண்டிக்காரரின் பழைய ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து எலுமிச்சைத் தோலால் மூன்று நாள் தேய்த்தோம். ஐஸ் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் ஃபில்டர் குழாயைப் பொருத்தினேன். வாஷ்பேசினுக்கு வரும் கம்பி பின்னிய டியூபில் ரப்பரை உருவிவிட்டு, சல்லடையாக உள்ளே படுக்கவைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மற்றதெல்லாம் உன் பொறுப்பு. தானியத்தை ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நீ கோச்சடை மாவு மில்லில் கேழ்வரகைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாய். கேழ்வரகை எப்படி அரைப்பது என்று மில்லுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி வந்தது. சூடு பார்க்க நீ எடுத்துவந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அது நாற்பத்திரண்டில் நின்றுவிடும். நமக்கு அறுபத்தேழு வேண்டும்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்து. பெட்டி தானா ஆத்திக்கிரும்" என்றாய். ஊற்றிக் கிண்டினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. மூடியைத் தூக்கினால் பெட்டி நிறையக் களி.

வாசனை பிடித்து வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். அந்த வீடே உன் பொய்யால் கிடைத்தது. நீ அவருடைய சாதி. முதல் நாளே அவரைப் பெரியப்பாவாக்கி, என்னை உன் அத்தை மகன் என்று சொல்லிவைத்தாய். உங்களைப் போன்றவர்களின் வயலில் நாற்று நட்டவர்களின் பேரன் நான் என்று தெரிந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்.

"என்னடா மீன் பெட்டில?"

"களி, பெரியப்பா" என்றாய், இமைக்காமல்.

மனிதர் சர்க்கரைக்காரர். மருமகள் தினமும் ஓட்ஸ் ஊற்றுகிறாள் என்று தெரு முழுக்கப் புலம்பியவர். கீழே போய்க் கருவாட்டுக் குழம்புச் சட்டியோடு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உருண்டை உருண்டையாக உள்ளே போனது.

"லேசா மீன் வாடை அடிக்குது. அதுவும் நல்லாத்தான் இருக்கு. யாரு கிண்டுனது?"

"மாப்ளதான்."

"அம்புட்டுப் பதம். ஒங்க ஆத்தா எந்த ஊரு தம்பி?"

நீ வாயைத் திறந்தாய். ஏழு மாதமாக என் ஊர் என்று ஏதோ ஒன்றை நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. ஊரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

அவர் கை சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எழுந்து கை கழுவினார்.

"ஊர்லருந்து மகன் வாரான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க."

"பண்ணிருவோம் பெரியப்பா. சாப்பிட்டத நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாய்.

படியிறங்கிப் போனார். குழம்புச் சட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. இனி அது அவருக்கு ஆகாது. மீதிக் களியை அந்தக் குழம்பில் தொட்டு நாம் தின்றோம்.

"ஏன்டா சொன்ன? நான் பாத்துக்கிருவேன்ல?"

"எம்புட்டு நாளைக்குடா பாத்துக்கிருவ?"

 அடுத்த வீடு தேடியபோது நீ எனக்கு இரண்டடி பின்னால் நின்றாய். நான் சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. கதவு சாத்தும்போது மட்டும் முன்னால் வந்து, சாத்திய கதவைப் பார்த்து, "நல்லா இருங்க பெரியப்பா" என்று கும்பிட்டாய். அலைந்து அலைந்து ஒரு வீடு கிடைத்தது. அங்கே பெட்டியைத் திறப்பதற்குள் ரிங் ரோட்டில் எவனோ விளக்கில்லாமல் லாரியை நிறுத்திவிட்டுப் போனான். இருட்டில் நீ வண்டியோடு அதில் போய் மோதினாய். அவனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர் உன் கோர்ட்டு வக்கீல்தான். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நீ இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை. மறுபடி அலைகிறேன். யாரும் கேட்பதற்கு முன்பே ஊர், தெரு எல்லாம் சொல்லிவிடுகிறேன். நேற்று தல்லாகுளத்தில் ஓர் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டும் கதவைச் சாத்தவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. கூட யாரு இருப்பா?" என்று கேட்டார்.

நீ நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன், இரண்டடி பின்னால்.